பக்கவாட்டில் ஒருவர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் காற்று நின்றது.

தணிந்தது, குறைந்தது என்றெல்லாம் சொல்ல இடமில்லாமல், யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி நின்றது. பாய்கள் தொங்கின. கடல் புதிதாகப் பெயிண்ட் அடித்த கதவு போலப் பளபளத்தது. விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது. முப்பத்தோரு வருஷம் நகோயாவில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொண்ட தொகாஷி யசுநோரிக்கு வேறு உவமை எதுவும் தோன்றவில்லை.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கரைக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர். கெடு மாலை ஐந்து மணி.

ஐந்து மணிக்கு அவர் மினோசே துறைமுகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே காத்திருக்கப்போகும் அவர் மனைவி ஃபுமியோ ஐந்து இருபது ரயிலைப் பிடித்து நகோயாவுக்குத் திரும்பிவிடுவாள். போனால் போனதுதான்.

சண்டையில் வாய்தவறி வந்த பேச்சு என்றால் சமாதானம் செய்துவிடலாம். இது பத்து நாளைக்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில், மிசோ சூப் ஆறிக்கொண்டிருக்க, நிதானமாகப் பேசி முடித்தது. தொகாஷி ஐம்பத்தைந்து வயதில் வேலையை விட்டார். ஒன்பது மீட்டர் நீளத்தில் ஒரு பாய்மரப் படகை வாங்கினார். இனிமேல் கடல்தான் வீடு, நீயும் வா என்று இரண்டு வருஷமாக மனைவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஃபுமியோ மருந்துக் கடையில் மருந்தாளராக இருப்பவள். மாத்திரையைப் போலவே வார்த்தையையும் எண்ணித்தான் கொடுப்பாள்.

"தனியா தீவுப் பக்கம் போயிட்டு வாங்க. ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்கு வந்துடுவேன்னு நீங்கதான் சொல்றீங்க, நான் சொல்லல. வந்தீங்கன்னா நான் வேலைய விட்டுட்டுப் படகுல ஏறுறேன். அஞ்சு ஒண்ணு ஆச்சுன்னா ஏற மாட்டேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே வீட்ல எடுக்கக்கூடாது."

"கடல்ல அப்படி மணி பாத்து வர முடியாதும்மா. காத்துன்னு ஒண்ணு இருக்கு..."

"கரையில இருந்தப்ப உங்களக் காத்தா தடுத்துச்சு?"

அவள் எதைச் சொல்கிறாள் என்று தொகாஷிக்குத் தெரியும். ஃபுமியோவின் அப்பாவைத் தகனம் செய்த அன்று, "இதோ, அரை மணியில வந்துடறேன்" என்று போனில் சொல்லிவிட்டு, ஒரு நிறமிப் பொடி வியாபாரியிடம் விலையை இன்னும் ஒரு சதவீதம் குறைக்க வைத்துக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்தபோது எல்லோரும் குச்சிகளால் எலும்பைப் பொறுக்கி முடித்து, கலசத்துக்கு மூடியும் போட்டாகிவிட்டது. ஃபுமியோ அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

எஞ்சினைப் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்றால், அது முந்தின நாளே கைவிட்டிருந்தது. குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கிற பம்பு உடைந்து, போட்ட இரண்டாவது நிமிஷம் புகைந்தது. காற்று வந்தால்தான் உண்டு.

பத்தரை மணிக்கு வலது பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ தெரிந்தது. மீன்வலை மிதவை என்று நினைத்தார். மிதவைக்குத் தலைமுடி இருக்காது.

குப்புறக் கிடந்தது. வெயிலில் வெளுத்த ஆரஞ்சு மிதவை அங்கி, கறுப்பு ரப்பர் பூட்ஸ், ஒரு கையில் மட்டும் வெள்ளைப் பருத்திக் கையுறை. காற்றும் அலையும் இல்லாத கடலில் அது படகைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. நீரோட்டம்தான் என்று தொகாஷி தனக்குச் சொல்லிக்கொண்டார். நீரோட்டம் என்றால் படகும் கூடவே நகர வேண்டும் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

ரேடியோவை எடுத்தார். மினோசே மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலகத்தில் கினுவே இருந்தாள். புருஷன், கொழுந்தன், மகன் மூவரும் கடலில். சங்கத்தின் கணக்கும் ரேடியோவும் அவள் கையில். தொகாஷியின் வயதுதான். அவர் கோட்டு சூட்டோடு வந்து படகு கட்ட இடம் கேட்ட நாளிலிருந்து அவரை "மேனேஜரே" என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன மேனேஜரே, காத்து இல்லாம நடுக்கடல்ல மீட்டிங் போட்டு உக்காந்திருக்கீங்களா?"

"கினுவே சான், விளையாடற நேரமில்ல. இங்க ஒரு பிணம் மிதக்குது."

ரேடியோவில் கினுவேயின் குரல் இறங்கியது.

"அந்த வார்த்தையச் சொல்லாதீங்க. எபிசு சாமின்னு சொல்லுங்க." வலையை நிறைத்துக் கொடுக்கிற தெய்வத்தின் பெயரைத்தான் கடலில் கிடைக்கும் பிணத்துக்கும் அந்தக் கரையில் வைத்திருந்தார்கள். "இடத்தச் சொல்லுங்க. கடலோரக் காவலுக்கு நான் பேசறேன்."

ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். "அவங்க கப்பல் தெக்க வேற ஒரு தேடல்ல இருக்கு. இங்க வர சாயங்காலம் ஆயிடுமாம். உங்களால முடிஞ்சா பத்திரமா ஏத்திக்கிட்டு வாங்க, முடியலன்னா பக்கத்துலயே நில்லுங்கன்னு சொன்னாங்க. நின்னுடுங்களேன்."

"எனக்கு அஞ்சு மணிக்கு அங்க வந்தாகணும்."

"தெரியும், ஊருக்கே தெரியும். சரி, ஒண்ணு கேளுங்க. எங்க ஆளுங்க எபிசு சாமியப் பாத்தா விட்டுட்டுப் போக மாட்டாங்க. ஒருத்தன் தண்ணியப் பாத்து, 'ஏத்திக்கிறோம், மீன் குடுப்பியா?'ன்னு கேப்பான். பின்னால நிக்கறவன் செத்தவருக்காக, 'குடுப்பேன்'னு பதில் சொல்லுவான். அப்புறம்தான் கை வைப்பாங்க."

"நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

"அதான் சொல்றேன். நீங்க எதையும் கேக்காதீங்க. வாயத் தொறக்காம, கும்பிட்டு ஏத்திக்குங்க. பதில் சொல்ல ஆள் இல்லாம கேட்டா, அப்புறம் அவரே சொல்லும்படி ஆயிடும்."

"சரி சரி."

"மேனேஜர் ரெண்டு தடவ சரி சொன்னா எனக்குப் பயமா இருக்கு," என்றாள் கினுவே.

பதினொன்றரை ஆயிற்று. காற்று இல்லை. பிணம் இப்போது படகின் வலது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கையுறை போட்ட கை மட்டும் அவ்வப்போது படகின் வயிற்றில் பட்டது. பொத். கொஞ்சம் கழித்து மறுபடியும், பொத். நனைந்த துணியால் கதவைத் தட்டுகிற சத்தம்.

தொகாஷி மனதுக்குள் கணக்குப் போட்டார். பன்னிரண்டு மணிக்குள் நல்ல காற்று எழும்பினால் போய்விடலாம். எழும்பாவிட்டால் ஃபுமியோ ரயில் ஏறிவிடுவாள். அந்தப் படகில் அவளுக்கென்று அவர் செய்து வைத்த மசாலா டப்பா அலமாரியை நினைத்துக்கொண்டார். வேண்டாவெறுப்பாகச் செய்வது போல் முகத்தை வைத்துக்கொண்டு அவள் இருக்கைகளுக்குத் தைத்துக் கொடுத்த வெள்ளை மெத்தை உறைகளைப் பார்த்தார். வர விருப்பமில்லாதவள் வெள்ளை நிறத்தில் உறை தைப்பாளா?

குனிந்து தண்ணீரைப் பார்த்தார். குரல் தானாகவே பழைய குரலாக மாறியது. மேஜைக்கு அந்தப் பக்கம் வியாபாரி உட்கார்ந்திருக்கும்போது வருகிற குரல்.

"இங்க பாருங்க. எனக்கு மீன் வேண்டாம். நான் அந்தத் தொழில் இல்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மினோசே போய்ச் சேரணும். அத மட்டும் முடிச்சுக் குடுங்க, உங்களப் படகுல ஏத்திக்கிறேன். என்ன சொல்றீங்க?"

சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. தனியாக ஒரு மனுஷன், நட்ட நடுக்கடலில், பிணத்திடம் பேரம். சிரித்துவிட்டார்.

"ம்," என்று கேட்டது.

கீழேயிருந்து வந்ததா, பின்னாலிருந்து வந்ததா, அவருடைய தொண்டையிலிருந்தேதானா, சொல்லத் தெரியவில்லை. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த ஒருவர், மேற்கொண்டு பேசத் தெம்பில்லாமல் ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு 'ம்'.

பாய் உப்பியது.

தொகாஷி சிரிப்பை நிறுத்திவிட்டு அவசரமாகக் குனிந்தார். மிதவை அங்கியின் தோள்பட்டையில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். தலை கொஞ்சம் எழும்பியது; முடியிலிருந்து தண்ணீர் வழிந்து வெள்ளை உறையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் பிடியை விட்டார். மறுபடி முயன்றிருக்கலாம். பாயை இழுக்கிற சக்கரத்தில் கயிற்றைச் சுற்றித் தூக்கியிருந்தால் நிச்சயம் ஏற்றியிருக்கலாம். ஆனால் ஃபுமியோ வந்து முதன்முதலில் உட்காரப்போகும் இடத்தில் இதைக் கிடத்தினால் அவள் படகில் கால் வைப்பாளா?

அவருடைய தொழிலில் இரண்டு வகை ஒப்பந்தம் உண்டு. சரக்கைக் கப்பலுக்குள் ஏற்றினால்தான் கடமை முடியும் என்பது ஒன்று. கப்பலின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாலே முடிந்தது என்பது இன்னொன்று. பேசும்போது முதல் வகையாகக் காட்டி, முடிக்கும்போது இரண்டாவது வகையாக முடித்துவிடுவதில் தொகாஷி கெட்டிக்காரர் என்று கம்பெனியில் பெயர். நீலக் கயிறு ஒன்றை எடுத்து அங்கியின் கைகளுக்கடியில் கொடுத்து, மறுமுனையைப் படகோரத்தில் இருந்த இரும்பு முளையில் கட்டினார். எப்போதும் போல ஒரு சுற்று கூடுதலாகப் போட்டு இறுக்கினார்.

"ஏத்தின மாதிரிதான்," என்றார்.

படகு ஓடிய ஓட்டம் அவர் அதுவரை பார்க்காதது. பாய் தோல் மேளம் போல விறைத்து நின்றது. ஆனால் தொலைவில் போன சரக்குக் கப்பலின் புகை நேராக மேலே ஏறியது. ஒரு மணி வாக்கில் கடந்துபோன மீன்பிடிப் படகின் கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. அதில் இருந்தவர்கள் வலையைப் போட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் கையசைக்கவில்லை.

அப்போதுதான் தொகாஷி நீலக் கயிற்றைப் பார்த்தார். எதையாவது கட்டி இழுத்துக்கொண்டு போனால் கயிறு பின்பக்கமாக விறைத்திருக்கும். இந்தக் கயிறு முன்பக்கமாக விறைத்திருந்தது. படகின் மூக்குக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்குச் சற்றுக் கீழே, ஆரஞ்சு நிறம் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான்கு நாற்பதுக்கு மினோசேயின் அலைத்தடுப்புச் சுவரைக் கடந்தார். படகுத்துறையில் ஃபுமியோ தலையில் வெயில் தொப்பியோடு, காலடியில் ஒரு சிறிய பெட்டியோடு நின்றிருந்தாள். கடிகாரத்தை ஒருமுறை, அவரை ஒருமுறை பார்த்தாள். இருபது நிமிஷம் முன்னதாக வந்த புருஷனை முப்பது வருஷத்தில் முதல்முறையாகப் பார்க்கிறாள். மூக்கு சிவந்துவிட்டது.

கடலோரக் காவல் ஆட்கள் இரண்டு பேர் கயிற்றை அறுத்து, அதோடு சேர்த்தே உடலைத் தார்ப்பாயில் எடுத்துக்கொண்டார்கள். பணிவாக நன்றி சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். கினுவே ஒரு கோப்பை சாக்கே மதுவைப் படகின் மூக்கில் ஊற்றிவிட்டுத் தளத்தைப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

"மேல ஏத்தலியா?"

"தனியா எப்படி ஏத்துறது?"

"கேட்டீங்களா?"

"என்ன கேக்கறது?"

"மேனேஜரே."

"இல்ல. எதுவும் கேக்கல."

கினுவே காலிக் கோப்பையோடு திரும்பி நடந்தாள். ஃபுமியோ பெட்டியை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினாள். "விட்டுட்டு வந்திருக்கலாம்ல? ஆனாலும் கூட்டிட்டு வந்தீங்க. நல்ல காரியம்," என்றாள். அந்த வார்த்தைக்காகவே எத்தனை பொய்யும் சொல்லலாம் என்று தொகாஷிக்குத் தோன்றியது.

உடல் யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. ஊர் அலுவலகமே தகனம் செய்து, உரிமை கோருவார் இல்லாத மற்ற கலசங்களோடு கோயிலில் வைத்துவிட்டது. ஃபுமியோ மருந்துக் கடையில் விடைபெற்றாள். எஞ்சினுக்குப் புதுப் பம்பு வந்தது. மே மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை இருவரும் தெற்கே கிளம்பினார்கள். முதலில் தீவுகள், பிறகு இன்னும் தெற்கே, பிறகு எங்கே என்று தேதி போடாத பயணம். கினுவே உப்பு மீன் வைத்த சோற்று உருண்டைகளைக் கொடுத்துவிட்டு, ஃபுமியோவிடம் மட்டும், "பத்திரமா போயிட்டு வாங்க அக்கா," என்றாள்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் காலை ஃபுமியோ இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றிவிட்டு, "இது ஏங்க இந்தப் பக்கமே சாயுது?" என்றாள்.

கோப்பையில் தேநீர் வலது பக்கம் ஏறி நின்றது.

"படகுன்னா சாயத்தாம்மா செய்யும். காத்து தள்ளுதில்ல?"

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?"

தொகாஷி நிமிர்ந்து பாயைப் பார்த்தார். காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தது. அப்படியென்றால் படகு இடப்பக்கம்தான் சாய வேண்டும். காற்றுக்கு எதிராகச் சாய்கிற படகை அவர் பார்த்ததில்லை, படித்ததுமில்லை. வேகம் காட்டும் முள், வழக்கமான வேகத்தில் பாதியில் நின்றது. தண்ணீர் கேன்களை இடப்பக்கம் மாற்றினார். டின் உணவுகளை மாற்றினார். நங்கூரச் சங்கிலியைக் கூட அவிழ்த்து இடம் மாற்றினார். ஒரு விரல் அளவுகூட நிமிரவில்லை.

பொத் என்று கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்றாள் ஃபுமியோ.

"அலை."

"துணி மாதிரி கேட்டுச்சே."

"அலைதாம்மா."

அவள் எழுந்து படகோரமாகப் போனாள். குனிந்து பார்த்தாள். "என்னங்க, இங்க ஒரு கயிறு தண்ணிக்குள்ள போகுது. நீங்க ஏதாவது கட்டி இழுத்துட்டு வர்றீங்களா?"

நீலக் கயிறு. இரும்பு முளையிலிருந்து இறங்கி, பின்பக்கமாக விறைத்து, தண்ணீருக்குள் போயிற்று. வெயில் நேராக அடித்தது. தண்ணீர் ஐந்தாள் ஆழத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. கயிற்றின் முனையில் ஒரு வளையம் இருந்தது. வளையத்துக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் எதையோ சுற்றிப் பிடித்திருக்கிற மாதிரி அது அகலமாக விரிந்தே நின்றது.

தொகாஷிக்குக் கத்தியை எடுத்தது கூட நினைவில்லை. அறுத்தார். கயிறு மூழ்கியது. படகு ஒரு பெருமூச்சு விட்டது போல நிமிர்ந்து, சரியான பக்கம் சாய்ந்து, வேகம் பிடித்தது.

"யாரோ அறுத்து விட்ட வலைக் கயிறு. சிக்கியிருக்கு," என்றார். போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொண்டார்.

"வலைக் கயிறா?"

"ஆமா."

"முளையில முடிச்சுப் போட்டு சிக்குமா?"

மதியம் சோற்று உருண்டையைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஃபுமியோவின் உருண்டை தட்டிலிருந்து மெதுவாக வலது பக்கம் உருண்டு போயிற்று. இருவரும் அதையே பார்த்தார்கள். பொத் என்று கேட்டது. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்று தொகாஷிக்குத் தெரிந்தது. ஃபுமியோ பார்த்தாள்.

"வந்துடுச்சு," என்றாள். பிறகு கிட்டப் போய், முளையில் இருந்த முடிச்சைப் பார்த்தாள். "ஒரு சுத்து அதிகம். வீட்ல குப்பைப் பைய இந்த மாதிரிதான் கட்டுவீங்க. அவிழ்க்க முடியாம நான் கத்தரிக்கோலத் தேடுவேன்." அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் மருந்துச் சீட்டைப் படிக்கிற குரல். "சொல்லுங்க. என்ன பேசினீங்க அவர்கிட்ட?"

தொகாஷி சொன்னார். காற்று நின்றது, கினுவே கேட்காதே என்றது, கேட்டது, 'ம்' என்று பதில் வந்தது, தூக்கப் பார்த்தது, ஒரு சொட்டு விழுந்தது, கட்டியது, எல்லாவற்றையும் சொன்னார். கயிறு முன்பக்கம் விறைத்து நின்றதையும் சொன்னார். "உனக்காகத்தான்" என்று முடிக்க வாயெடுத்து, அவள் கண்ணைப் பார்த்து முழுங்கிவிட்டார்.

"அஞ்சு மணிக்கு வந்தது நீங்க இல்ல," என்றாள் ஃபுமியோ. "அவரு கொண்டாந்து விட்டாரு."

"ஆமா."

"ஏத்திக்கிறேன்னு சொன்னீங்க."

"பக்கத்துல கட்டினா ஏத்தின மாதிரிதான்னு..."

"யாருக்குங்க? உங்க கம்பெனிக்கா? நிறமிப் பொடி விக்க வந்தவங்ககிட்ட பண்ணதெல்லாம் பண்ணீங்க. எங்கப்பாகிட்ட பண்ணீங்க. செத்துப்போன ஒரு முன்பின் தெரியாத மனுஷனையும் விடலியா?"

முதல்முறையாக அவள் அப்பாவைப் பற்றிப் பேசினாள். தொகாஷிக்கு அந்தக் கயிற்றைவிட அதுதான் பெரிய அடியாக விழுந்தது.

"திரும்பிடலாம்," என்றார். "ரெண்டு நாள்ல மினோசே. நீ இறங்கிடு. நான் உன்ன எதுவும் கேக்க மாட்டேன்."

"ரெண்டு நாள் இவர இப்படியே இழுத்துட்டுப் போறதா?" ஃபுமியோ எழுந்தாள். சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டாள். "இப்ப ஏத்துங்க. ஏத்தினா நான் இருக்கேன். இந்தத் தடவையும் ஏதாவது தந்திரம் பண்ணீங்கன்னா, மினோசே வரைக்கும் வேண்டாம், வழியில வர்ற கப்பலக் கூப்பிட்டு ஏறிப் போயிடுவேன்."

"உடம்ப எரிச்சாச்சேம்மா! எத ஏத்துறது?"

"கயிறு இருக்குல்ல? இழுங்க."

தொகாஷி பாயை இறக்கினார். படகு நின்றது. கயிற்றைப் பிடித்தார். கை வைத்த உடனே தெரிந்தது, முனையில் ஆள் கனம். சக்கரத்தில் சுற்றச் சொன்னார் அவர். வேண்டாம், கையாலேயே என்றாள் ஃபுமியோ. இருவரும் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார்கள். சாண் சாணாக வந்தது. வெறும் வளையம் தண்ணீருக்கு மேலே எழும்பியதும் கனம் இரண்டு மடங்காயிற்று, தண்ணீரிலிருந்து ஆளைத் தூக்கும்போது ஆகிற மாதிரி. தொகாஷியின் உள்ளங்கை கிழிந்தது. விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஃபுமியோ மூச்சு வாங்கிக்கொண்டே, "விடாதீங்க," என்றாள். தொகாஷி எந்த வியாபாரியிடமும் காட்டியிராத பணிவோடு, "வாங்க," என்றார் வளையத்தைப் பார்த்து. "வாங்க. தயவு பண்ணி ஏறி வாங்க."

படகோரத்துக் கம்பி கீழே வளைந்தது. பிறகு ஏதோ தளத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டது. விழுந்தது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வளையம் சுருங்கித் தொய்ந்து கிடந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் பெருகியது. வெயிலில் காய்ந்திருந்த பலகையில், எங்கிருந்து என்று தெரியாமல் குடம் குடமாகத் தண்ணீர் வழிந்து, வடிகால் வழியாகக் கடலுக்குப் போயிற்று. நின்றதும், ஈரத்தின் நடுவில் ஒரு ஆள் நீளத்துக்கு மட்டும் பலகை உலர்ந்திருந்தது. அந்த உலர்ந்த இடம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அங்கேயும் ஈரம் பரவியது, படுத்திருந்தவர் எழுந்துகொண்ட மாதிரி.

படகு நேராக நின்றது. தட்டில் மிச்சமிருந்த உருண்டை அசையவில்லை.

தொகாஷி கிழிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்தார். பயம் போய்விட்டதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். போகவில்லை, ஆனால் ஒளிக்க எதுவும் இல்லாததால் அது முன்போலக் கனக்கவில்லை.

ஃபுமியோ உள்ளே போய்ப் பெரிய துவாலை ஒன்றை எடுத்து வந்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏத்துறத மட்டும்தான் பேசினீங்களா?" என்றாள் கொஞ்சம் கழித்து.

"ஆமா."

"எங்க இறக்கி விடறதுன்னு பேசலியா?"

தொகாஷி யோசித்துப் பார்த்தார். முப்பத்தோரு வருஷ அனுபவத்தில் இறக்கும் துறைமுகம் எழுதாத ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டதே இல்லை.

"இல்ல," என்றார்.

ஃபுமியோ தெற்கே பார்த்தாள். மெல்லக் காற்று எழும்பியது. வர வேண்டிய பக்கத்திலிருந்து வந்தது. சுக்கானை ஒட்டிய நீள இருக்கையில், அவள் உறை தைத்த வெள்ளை மெத்தைகள் வரிசையாக இருந்தன. அவள் துவாலையை நான்காக மடித்து, நடு மெத்தையின் மேல் விரித்தாள். பாயை ஏற்றச் சொல்லிக் கையால் சைகை காட்டினாள். தொகாஷி ஏற்றினார். படகு நகர்ந்தது. இருந்துவிட்டாள் என்று அவருக்கு அப்போதுதான் உறுதியாயிற்று, கண் கலங்கியது.

அவள் அவர் பக்கத்தில் வந்து உட்காரப் போனவள், தயங்கி நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள்.

தொகாஷி அவசரமாக நகர்ந்து இடம் விட்டார்.

"உங்களச் சொல்லல," என்றாள் ஃபுமியோ. காத்திருந்தாள். அவருக்குப் பக்கத்தில் அமுங்கியிருந்த மெத்தை மெதுவாக மேலெழும்ப, அதற்கு அடுத்தது மெதுவாக அமுங்கியது. அவள் தலையைத் தாழ்த்தி நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.